கருணையின் கணக்கு: காலனி ஆட்சியில் தூக்கும் மன்னிப்பும்

1815 மார்ச் 2ஆம் தேதி கண்டியில் ஓர் ஒப்பந்தம் முடிவாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கைவிட்ட பிரதானிகளும் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்ரிக்கும் செய்துகொண்ட உடன்பாடு அது. பிரதானிகள் சிலர் அதில் தமிழெழுத்தில் ஒப்பமிட்ட செய்தியை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. அந்த ஆவணத்தின் ஏழாம் பிரிவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆங்கிலேய ஆளுநரின் எழுத்துமூல ஆணை இல்லாமல் கண்டி மக்கள் எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு முந்தைய பிரிவு சித்திரவதையையும் உறுப்பு வெட்டுவதையும் தடை செய்கிறது.

கொடுங்கோலனிடமிருந்து குடிகளைக் காக்கும் ஏற்பாடாக இதைப் படிக்கலாம். கொல்வதற்கும் கொல்லாமல் விடுவதற்கும் இருந்த உரிமை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன கிரயப் பத்திரமாகவும் படிக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் அதில் இடம் உண்டு. யாரைத் தூக்கிலிடுவது, யாரை விடுவது என்ற கேள்விக்குக் காலனி அரசுகள் எதை வைத்து விடை கண்டன என்று இந்தியா, இலங்கை, மலாயா மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த ஏழாம் பிரிவின் நிழல் எங்கும் விழுந்திருப்பது தெரியும்.

மன்னிப்பு கைமாறிய விதம்

வங்காளத்தில் கம்பெனி ஆட்சி வேரூன்றிய காலத்தில் அங்கே இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் நடப்பில் இருந்தது. கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னித்தாலோ இழப்பீடு பெற்றுக்கொண்டாலோ கொலையாளி உயிர் பிழைக்கலாம். 1790களில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இந்த உரிமையை நீக்கினார். பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் ஏழை வாரிசுகளை மிரட்டி மன்னிப்பு வாங்கிவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மகனைப் பறிகொடுத்த தாயின் விருப்பத்துக்கு வழக்கில் இடமில்லாமல் போயிற்று. மன்னிக்கும் உரிமை முழுவதும் அரசின் பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டகம் எப்போது திறக்கும், எப்போது திறக்காது என்பதற்கு முதல் பெரிய உதாரணம், கார்ன்வாலிஸுக்கும் முன்பே, மகாராஜா நந்தகுமார். 1775 மார்ச்சில் அவர் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் கொடுத்தார். மே மாதம் ஒரு பழைய பத்திரத்தைப் போலியாகத் தயாரித்தார் என்று கைதானார். பத்திர மோசடிக்கு மரண தண்டனை என்பது 1728இல் இங்கிலாந்தில் இயற்றிய சட்டம். வங்காளத்து மக்கள் கேள்விப்பட்டே இராத சட்டம் அது. கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு அரசர் வழங்கிய சாசனத்தில், மரண தண்டனையை நிறுத்தி வைத்து அரசரின் விருப்பத்தைக் கேட்டறியும் அதிகாரம் இருந்தது. தலைமை நீதிபதி இம்ப்பே அதைப் பயன்படுத்தவில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். பிற்பாடு இம்ப்பே மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குற்றம் சுமத்த நடந்த முயற்சி 1788இல் தோற்றது.

தெற்கே இந்த அளவு சடங்குகூட இல்லை. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டபோது மேல்முறையீடும் கிடையாது, மனுவும் கிடையாது. ஆனாலும் ஒரு கணக்கு இருந்தது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி தூக்குக்குத் தப்பி, எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டான். தலைவர்களைக் கொன்றாயிற்று, மிச்சமிருந்தவர்களைக் கடல் கடத்தினால் போதும் என்பது கம்பெனியின் முடிவு. தூக்குக்கு அடுத்தபடியான தீவாந்தர தண்டனை அப்போதே கருணையின் மறுபெயராகிவிட்டது.

சட்டம் கட்டிய ஏணி

1860இல் இயற்றப்பட்டு 1862 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் கொலைக்கு இரண்டு தண்டனைகளை வைத்தது: மரணம் அல்லது ஆயுட்காலத் தீவாந்தரம். எதை விதிப்பது என்று நீதிபதி முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவில் தராசு சமமாக இல்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 367ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில், தூக்குக்குரிய குற்றத்துக்குத் தூக்கு விதிக்காத நீதிபதி அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்றது. கொல்வதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. கொல்லாமல் விடுவதற்குத்தான் காரணம் எழுத வேண்டும்.

தீர்ப்புக்குப் பின் ஏற வேண்டிய படிகளும் அந்தச் சட்டத்தில் உண்டு. செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தூக்கு, உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை செல்லாது. உறுதியானபின் மாகாண ஆளுநருக்குக் கருணை மனு, அவர் மறுத்தால் வைஸ்ராய்க்கு. கையில் பணமும் பின்னால் ஆளும் இருந்தால் லண்டன் பிரிவி கவுன்சில். மேல்முறையீடு தள்ளுபடியான செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் சொன்ன நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நம் சிறைகளில் நெடுங்காலம் இருந்துவந்த விதி. எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்கு வேறு யாராவது எழுதித் தர வேண்டும். நிராகரிப்பு வந்தால் அது ஒற்றை வரியில் வரும். ஏன் என்று கேட்க வழியில்லை.

உயர் நீதிமன்ற உறுதிப்பாடு வெறும் கண்துடைப்பு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் படி பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதனால்தான் அரசுக்கு அவசரம் வந்தபோதெல்லாம் அந்தப் படியையே முதலில் உடைத்தார்கள்.

பெரிய எண்ணும் சிறிய எண்ணும்

1915 செப்டம்பர் 13இல், கதர் என்ற புரட்சிக் கட்சியினர் மீதான லாகூர் சதி வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 24 பேருக்குத் தூக்கு விதித்தது. அதே ஆண்டு கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டப்படி மேல்முறையீடு இல்லை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் 17 பேரின் தண்டனையைக் குறைத்தார். எஞ்சிய ஏழு பேர் நவம்பர் 16ஆம் தேதி தூக்கிலேறினார்கள். அவர்களில் ஒருவரான கர்த்தார் சிங் சராபாவுக்கு வயது 19.

1919இல் ஜாலியன் வாலாபாக் படுகொலையை அடுத்துப் பஞ்சாபில் ராணுவச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த ஆணையங்கள் 108 பேருக்கு மரண தண்டனை விதித்தன. நாடெங்கும் எழுந்த கொதிப்புக்குப் பின் பெரும்பகுதியை அரசே குறைத்தது. ஆண்டு இறுதியில் அரசரின் பிரகடனம் பொது மன்னிப்பை அறிவித்தது.

1922 பிப்ரவரி 4இல் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டார்கள். 1923 ஜனவரியில் கோரக்பூர் செஷன்ஸ் நீதிபதி 172 பேருக்குத் தூக்கு விதித்தார். ஒரே தீர்ப்பில் ஒரு சிற்றூரின் ஆண்களையெல்லாம் துடைத்தெடுப்பது போன்ற எண் அது. மதன் மோகன் மாளவியா வாதாட, அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரலில் 19 பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. ஜூலையில் அந்த 19 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

மூன்றும் ஒரே வகை அல்ல. முதலாவதில் குறைத்தவர் வைஸ்ராய், இரண்டாவதில் மாகாண அரசும் மன்னரும், மூன்றாவதில் நீதிமன்றம். ஆனாலும் மூன்றிலும் விளைவு ஒன்றுதான். முதலில் வரும் பெரிய எண் ஊரை நடுங்க வைக்கிறது. பிறகு வரும் சிறிய எண் பெருமூச்சு விடவைக்கிறது. 172 என்று கேட்டுப் பதறியவர்களுக்கு 19 என்பது நீதியாகவே தோன்றிவிடும். அந்த 19 பேரின் வீடுகளில் மட்டும் அப்படித் தோன்றியிருக்காது.

தப்பியவர் யார்?

1857 எழுச்சியின் நடுவே, ஜூலையில், கண்ணில் பட்ட சிப்பாய்களையெல்லாம் தூக்கிலிடக் கூடாது என்று கவர்னர் ஜெனரல் கானிங் ஆணையிட்டார். கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்த வெள்ளையர்கள் ‘கருணை கானிங்’ என்று அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் 1858 நவம்பர் 1ஆம் தேதி விக்டோரியாவின் பிரகடனம் வெளியானபோது கானிங்கின் வழியே அரசின் கொள்கையாகியிருந்தது. பிரிட்டிஷ் குடிகளைக் கொன்றதில் நேரடிப் பங்கு இல்லாதவர்களுக்கு மன்னிப்பு. தூக்குமரங்களைக் கொண்டு நாட்டைப் பிடிக்கலாம், ஆள முடியாது என்பதைக் கானிங் முன்கூட்டியே கண்டுகொண்டார், அவ்வளவுதான். டெல்லியின் கடைசி மன்னர் பகதூர் ஷா உயிரோடு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார்.

1891இல் மணிப்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் அரியணையிலிருந்த குலச்சந்திராவுக்கும் அவருடைய தம்பி திகேந்திரஜித்துக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. குலச்சந்திராவின் தண்டனை அந்தமானுக்கு நாடுகடத்தலாகக் குறைந்தது. மக்கள் யாரைத் தலைவராகக் கொண்டிருந்தார்களோ அந்தத் திகேந்திரஜித்தை ஆகஸ்ட் 13ஆம் தேதி இம்பாலில் எல்லோரும் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். முடி தரித்தவர் பிழைத்தார், மனங்களை ஆண்டவர் மாண்டார்.

வெள்ளையர் கையால் இந்தியர் இறந்தபோது கருணைக்கு மனு எழுதும் தேவையே பெரும்பாலும் வரவில்லை. 1870களில் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், வண்டியைக் கொண்டுவரத் தாமதமானதற்காகத் தன் குதிரைக்காரரை அடித்தார். அந்த ஏழை சற்று நேரத்தில் இறந்துபோனார். இறந்தவரின் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, அடியில் அது வெடித்துவிட்டது என்று மருத்துவச் சான்று வந்தது. தண்டனை 30 ரூபாய் அபராதம். மலேரியா மண்ணில் ஏழைகளின் மண்ணீரல் வீங்கியிருப்பது சாதாரணம் என்பதால், இதே வாதம் வழக்குக்கு வழக்கு எடுபட்டது. 1876இல் வைஸ்ராய் லிட்டன் இந்தத் தீர்ப்பைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். கோபம் கொண்ட ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் லிட்டன் மீதுதான் பாய்ந்தன.

இலங்கை: இரண்டு ஆளுநர்கள்

1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கலகம் மூண்டது. ஆளுநர் டொரிங்டன் ராணுவச் சட்டம் பிறப்பித்தார். கிளர்ச்சியாளர் புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பௌத்த பிக்குவைத் துவராடையோடேயே நிறுத்திச் சுட்டார்கள். ராணுவ நீதிமன்றங்கள் கொன்றவர்கள் 18 பேர். தன்னை அரசனாக அறிவித்துக்கொண்ட கொங்காலேகொட பண்டாவுக்கோ ராணுவ நீதிமன்றம் அல்லாமல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 1849 ஜனவரி முதல் நாள் தூக்கு என்று நாளும் குறித்தாயிற்று. கடைசியில் அந்தத் தண்டனை 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. பின்னால் போனவர்கள் செத்தார்கள், முன்னால் நின்றவர் பிழைத்தார். இடையில் நடந்தது லண்டனில் எழுந்த எதிர்ப்புதான். நாடாளுமன்றக் குழு விசாரித்தது, 1850இல் டொரிங்டன் பதவி இழந்தார். ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டதாக நம் காப்பியம் சொல்கிறது. டொரிங்டன் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்.

1915இல் சிங்களவர்–முஸ்லிம் கலவரத்தின்போது ஆளுநராக இருந்தவர் ராபர்ட் சால்மர்ஸ். பாலி மொழி அறிஞர், புத்த ஜாதகக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். கொழும்பின் பெருவணிகர் வீட்டுப் பிள்ளையும் நகரக் காவல் படை அதிகாரியுமான ஹென்றி பேதிரிஸ், கலவரத்தைத் தூண்டினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கருணை கேட்டுப் பலர் மனுச் செய்தார்கள். வெள்ளையர்களும் அவர்களில் உண்டு. ஜூலை 7ஆம் தேதி வெலிக்கடைச் சிறையில் அந்த 26 வயது இளைஞரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அதே சிறையில் டி.எஸ். சேனாநாயக்கா உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பேதிரிஸ் உட்கார்ந்திருந்த ரத்தம் தோய்ந்த நாற்காலியை அவர்களுடைய அறைகளுக்கு எடுத்துவந்து காட்டினார்கள் என்று இலங்கையில் இன்றும் சொல்வார்கள்.

உலகப் போர் நடுவே, நீர்மூழ்கிகள் உலவிய கடலைத் தாண்டி லண்டன் போய் இந்த அநியாயத்தை முறையிட்டவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். ராணுவச் சட்டக் கொடுமைகளைத் தொகுத்து அவர் ஒரு நூலே எழுதினார். சால்மர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். ஊர் திரும்பிய இராமநாதனின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாங்களே இழுத்துச் சென்றார்கள். பிற்கால இலங்கையை அறிந்தவர்களுக்கு நம்பக் கடினமான காட்சி அது.

லாகூர், 1931

பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் வழக்கில் உயர் நீதிமன்றப் படியை ஓர் அவசரச் சட்டம் தூக்கியெறிந்தது. 1930 மே 1இல் வைஸ்ராய் இர்வின் பிறப்பித்த அந்தச் சட்டம் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்தை அமைத்தது. உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இல்லை. அக்டோபர் 7இல் தீர்ப்பு. 1931 பிப்ரவரியில் பிரிவி கவுன்சில் கதவடைத்தது. மார்ச் 5இல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானபோது இனி எல்லாம் வைஸ்ராயின் பேனாவில்தான் என்றாயிற்று.

காந்தி தண்டனைக் குறைப்பைக் கேட்டுப் பேசினார். கடைசியாக 23ஆம் தேதி காலையிலும் கடிதம் எழுதினார். அவர் போதுமான அளவு அழுத்தினாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இர்வின் பக்கத்துக் கணக்கு தெளிவாகவே தெரிகிறது. கராச்சி காங்கிரஸ் முடியும்வரை தூக்கை ஒத்திப்போடலாமா என்று அவர் யோசித்தார். ஒத்திப்போட்டால் குறைப்பு வரும் என்று பொய் நம்பிக்கை தந்ததாகும் என்று முடிவு செய்தார். அந்த நேர்மை மூன்று உயிர்களை வாங்கியது. மறுநாள் காலை என்று வைத்திருந்த தூக்கை முந்தைய மாலையே நிறைவேற்றினார்கள். உடல்களைச் சிறையிலிருந்து ரகசியமாக எடுத்துப்போய்ச் சட்லஜ் கரையில் எரித்தார்கள். விடியலில் நடக்க வேண்டியதை அந்தியில் நடத்தி, இருட்டில் மறைத்த அரசு, தான் செய்வதை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அறிந்தே இருந்தது.

கருணை வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் கைதியிடம் மிச்சமிருந்தது. பகத் சிங் அதைப் பயன்படுத்தினார். தனக்காகத் தந்தை தீர்ப்பாயத்தில் மனுப் போட்டதைக் கடிந்து கடிதம் எழுதினார். அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகத்தானே தீர்ப்பு, அப்படியானால் போர்க் கைதிகளாக நடத்திச் சுட்டுக் கொல்லுங்கள் என்று பஞ்சாப் ஆளுநருக்கு எழுதினார். மனுவுக்கு உரிய காகிதத்தில் வந்த அறைகூவல் அது. அவருடைய நாத்திகக் கட்டுரையை ஜீவா தமிழாக்கியபோது அந்தக் குரல் இங்கேயும் கேட்டது.

மலாயா: நம் ஆட்களின் வழக்குகள்

1948இல் மலாயாவில் நெருக்கடி நிலை வந்தபின், துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தஞ்சை வட்டாரத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949இல் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். நேரு அரசு கருணை காட்டக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கு. அதே சட்டத்தில் தூக்கு விதிக்கப்பட்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம் பிரிவி கவுன்சில்வரை போனார். 1950இல் தண்டனை ரத்தாயிற்று. ஒரு குற்றத்திலிருந்து விடுதலையானவரை அதே விஷயத்தில் மீண்டும் குற்றவாளியாகக் காட்ட முடியாது என்ற நெறிக்கு அந்த வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

1952இல் தூக்கு விதிக்கப்பட்ட சீனப் பெண் லீ மெங்குக்கு வேறு அதிர்ஷ்டம். ஹங்கேரி தன் சிறையிலிருந்த ஓர் ஆங்கிலேய வணிகரைத் தந்து அவரை வாங்கிக்கொள்ள முன்வந்தது. பிரிட்டன் மறுத்தது. ஆனால் உலகத்தின் கண் அந்த வழக்கில் விழுந்துவிட்டது. 1953இல் பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்தார். கணபதிக்காக இந்தியா கேட்டது. லீ மெங்குக்காக லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்டார்கள். கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எடையைத் தீர்மானித்தது.

இந்தியாவில் அந்த எடை 1945க்குப் பிறகு புரண்டது. 1942இல் உப்பு அதிகாரி லோன் கொலையான குலசேகரன்பட்டினம் வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட ராஜகோபாலன், காசிராஜன் இருவரும் தண்டனைக் குறைப்புப் பெற்று, 1946இல் விடுதலையானார்கள். அதே ஆண்டு ஜனவரியில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவருக்குச் செங்கோட்டையில் விதித்த ஆயுள் தண்டனையைத் தளபதி ஆச்சின்லெக் ரத்து செய்தார். போர் தொடுத்தல் என்ற அதே பிரிவுதான். 1931இல் பெட்டகம் திறக்கவில்லை, 1946இல் திறந்தது. நடுவில் சட்டம் மாறவில்லை. ஆள்பவரின் பலம் மாறியிருந்தது.

மிச்சம்

காலனிக் கருணையில் மனிதத்தன்மையே இல்லை என்று சொல்வது சரியாகாது. தயங்கிய நீதிபதிகளும், கோப்பை மறுபடி படித்த அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தயக்கம் கைதியின் உரிமையாக என்றும் ஆகவில்லை. கொடுத்தால் பெருந்தன்மை, மறுத்தால் ஒற்றை வரி.

நாம் அதில் எவ்வளவை மாற்றினோம்? தூக்கு விதிக்காததற்குக் காரணம் எழுதச் சொன்ன உட்பிரிவை 1955இல் நீக்கினோம். 1973இன் சட்டம், தூக்கு விதிப்பதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்று தராசைத் திருப்பி வைத்தது. இவை பெரிய திருத்தங்கள். மன்னிப்பின் கதவு மட்டும் அரசியல் சாசனத்தின் 72, 161ஆம் பிரிவுகளாகப் பழைய இடத்திலேயே நிற்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததால்தான் 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தூக்கைக் குறைத்தது. இலங்கையில் 1976 ஜூனுக்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ராணுவ வீரருக்கு 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். கொல்லப்பட்டவர்களின் உறவினர்களை யாரும் கேட்கவில்லை.

காலனிச் சட்டங்களின் சுவடே இல்லாமல் செய்கிறோம் என்று சொல்லி 2024 ஜூலை முதல் இந்தியாவில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 472ஆம் பிரிவு, கருணை மனுவில் குடியரசுத் தலைவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது.